செத்துப்போன பொறுப்பு அலுவலர்

ஓய்வுபெற்று ஆறு வருடம் கழித்து டெஸ்பாட்சுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அந்தச் சங்கதி அவரைத் தவிர ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது.

நகரச் சந்தை அலுவலகத்தின் தபால் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவர் அவர். வெளியே போகிற ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் எண் போட்டு, பதிவேட்டில் எழுதி, உறையிலிட்டு, ஒட்டி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். அவர் நாக்கால் நனைத்து ஒட்டிய உறைகளை வரிசையாக வைத்தால் ஊரை மூன்று சுற்றுச் சுற்றி, மிச்சத்தில் ஒரு கூடாரமும் போடலாம். அலுவலகத்தில் 'டெஸ்பாட்ச்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு பால்காரர் கூப்பிட்டார், மாமியார் கூப்பிட்டார், கடைசியில் யாராவது நிஜப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை என்றாகிவிட்டது. அத்தனை வருடத்தில் "நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. இல்லை, ஒரே ஒருமுறை கேட்டார்கள்: மின்விசிறியை நிறுத்தலாமா என்று. அவர் யோசித்து முடிப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது.

அப்படிப்பட்டவரை ஒரு புதன்கிழமை காலை, கையில் வெங்காயப் பையோடு தெருமுனை திரும்பும்போது ஒரு பெண்மணி வழிமறித்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. சந்தையில் பதினேழாம் எண் கடையில் மெஷின் போட்டிருக்கும் தையல்காரம்மா.

"சார், போர்டுல இருக்கிறது நீங்கதானே?"

"எந்த போர்டும்மா?"

"நடிக்காதீங்க சார். அதே மூக்கு, மூக்குக்குப் பக்கத்துல அதே மச்சம், அதே திருட்டு முழி. உங்களை நாலு மாசமா தேடிக்கிட்டிருக்கேன்."

"என்னை எதுக்கும்மா தேடுறீங்க? நான் வீட்டுல சும்மாதானே இருக்கேன்."

"அதைத்தான் சார் நானும் கேக்குறேன். பொறுப்பு அலுவலர்னு படத்தைப் போட்டுட்டு வீட்டுல சும்மா இருந்தா என்ன அர்த்தம்?"

டெஸ்பாட்சுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தையல்காரம்மா ஓரமாக நிறுத்தி வைத்துப் புரிய வைத்தார். கடை உரிமத்தைப் புதுப்பிக்க எல்லாக் காகிதமும் வைத்து மனு கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. பதினைந்து நாளில் முடியும் என்று சந்தை அலுவலகச் சுவரில் பலகை சொல்கிறது. ஆனால் மனு நகரவில்லை. வரும் வாரம் வெள்ளிக்கிழமை பழைய உரிமம் தீர்கிறது. தீர்ந்த அன்றைக்கே பதினேழாம் எண் கடை, செல்போன் உறை விற்கிற ஒருவர் கைக்குப் போகப் போகிறது. அந்த மனிதர் மேலாளரை நன்றாகக் 'கவனித்து'விட்டாராம்.

"என்னையும் கவனிக்கச் சொன்னாங்க. நான் எதுக்கு சார் கவனிக்கணும்? எல்லாப் பேப்பரும் சரியா இருக்கு. கடை போச்சுன்னா மெஷினை எங்க கொண்டு போய் வைப்பேன்? வீட்டுல வெச்சா, நானும் என் ரெண்டு பொண்ணுங்களும் வாசல்லதான் படுக்கணும். மெஷின் ஓடினாத்தான் சார் எங்க வீட்டுல அடுப்பு எரியும்."

டெஸ்பாட்ச் வெங்காயத்தை வீட்டில் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். போடவில்லை. பையோடு நேரே அலுவலகத்துக்கு நடந்தார்.

பலகை இருந்தது. கதவகலத்துக்குப் பெரிய நீலப் பலகை. என்ன வேலை, எத்தனை நாள் என்று எழுதி, நடுவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய படம்! கீழே, 'பொறுப்பு அலுவலர். குறித்த நாளில் பணி முடியாவிட்டால் இவர் எழுத்து மூலம் பதில் அளிப்பார்.' வழியனுப்பு விழாவில் எடுத்த படம் அது. பக்கத்தில் நின்ற நாலு பேரையும் வெட்டிவிட்டு இவரை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். ஆனாலும் தோளில் யாருடைய கையோ மிச்சம் இருந்தது.

அவர் வாயைப் பிளந்தபடி தன் படத்துக்கு நேர் கீழே நின்றார். கோப்போடு அந்தப் பக்கமாக வந்த மேலாளர் அவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போர்டை மறைக்காதீங்க. மத்தவங்க படிக்க வேணாமா?"

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

விவரத்தைத் தபால் பிரிவில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண்தான் சொன்னாள். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. டெஸ்பாட்ச் தன் பழைய நாற்காலியைத் தடவிப் பார்த்த விதத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஐயோ சார், நீங்க உயிரோடவா இருக்கீங்க?"

"ஏம்மா, சந்தேகமா இருக்கா?"

"எங்க ரிஜிஸ்டர்ல நீங்க செத்துட்டீங்க சார்."

நடந்தது இதுதான். ஒவ்வொரு அலுவலகமும் பொறுப்பு அலுவலர் படத்தோடு பலகை மாட்ட வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து ஆணை வந்தது. யார் படம் என்று மேலாளர் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். ஒருவருக்கு அன்றைக்குப் பார்த்து முகம் வீங்கிவிட்டது. ஒருவர் தனக்குப் படமே எடுபடாது என்று சத்தியம் செய்தார். மேலாளரோ தன் முகம் பொறுப்புக்கு ஏற்ற முகம் இல்லை என்று பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார். பிறகு அவருக்கு அந்த அபாரமான யோசனை வந்தது: இறந்துபோனவர் படத்தை மாட்டிவிட்டால் யாரும் அவரைப் பிடித்துக் கேள்வி கேட்க முடியாதே! பழைய பீரோவில் வழியனுப்பு விழாப் படம் கிடைத்தது. ஓய்வூதியர் பதிவேட்டில் டெஸ்பாட்சுக்கு நேரே சிவப்பு மையில் 'இறந்தவர்' என்று இருந்தது. நாலு வருடத்துக்கு முன்பு, பேரன் பிறந்ததென்று அவரும் மனைவியும் மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து மாதம் இருந்துவிட்டார்கள். அந்த வருடம் உயிரோடு இருப்பதற்கான சான்றைக் கொடுக்க மறந்துபோனார். திரும்பி வந்து கருவூலத்தில் கத்திக் கூப்பாடு போட்டு உயிர் பெற்றார். ஆனால் அலுவலகப் பதிவேட்டில் யாரும் திருத்தவில்லை. மேலாளர் ஜன்னலைத் திறந்து தெருவில் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், நாலு பேர் சொல்லியிருப்பார்கள். பதிவேடு இருக்கும்போது தெருவைக் கேட்கிற வழக்கம் அந்த அலுவலகத்தில் கிடையாது.

டெஸ்பாட்ச் கோபப்பட்டிருக்க வேண்டும். அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. முப்பத்துநான்கு வருடத்தில் சுவரில் அவருக்குச் சட்டை மாட்ட ஓர் ஆணிகூடக் கிடைத்ததில்லை. இப்போது கண்ணாடிச் சட்டத்தோடு!

"ஏம்மா, பதினேழாம் நம்பர் கடை மனு வந்த தேதியைப் பார்த்துச் சொல்றியா? பொதுமக்கள் யார் கேட்டாலும் காட்டணும்னு போர்டுலயே போட்டிருக்கு பாரு. நானும் பொதுமக்கள்தானே."

"நீங்க பொறுப்பு அலுவலர் சார்," என்று சிரித்துக்கொண்டே அவள் வரவுப் பதிவேட்டைத் திருப்பினாள். மனு வந்த தேதி இருந்தது. இடத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று ஆய்வாளர் கொடுத்த அறிக்கை பத்தே நாளில் வந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், 'மேலாளர் மேசைக்கு'. அதற்குப் பிறகு வெறும் வெள்ளைக் காகிதம்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையைத் துடைத்து, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி வெங்காயத்துக்காக இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க இந்தச் சட்டையில?"

"எங்கயும் இல்ல. பதில் எழுதணும். நான்தான் பொறுப்பு."

"இந்த வீட்டுல குழாய் ஒழுகுறதுக்குக்கூட நீங்க பொறுப்பு கிடையாது. எதுக்குப் பொறுப்பாம்?"

அவர் சொன்னார். அவள் கேட்டாள். கேட்டு முடித்ததும் வெங்காயத்தை மறந்துவிட்டு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நல்லா உறைக்கிற மாதிரி எழுதுங்க," என்றாள். கல்யாணமான நாள்முதல் அவள் அவரிடம் எழுதச் சொன்னது மளிகைச் சீட்டு மட்டும்தான்.

அவர் எழுதினார்: 'தங்கள் அலுவலகத்தில் மாட்டியுள்ள பலகையின்படி பொறுப்பு அலுவலராகிய நான், பதினேழாம் எண் கடையின் உரிமம் பதினைந்து நாளில் புதுப்பிக்கப்படாததற்கு முழுப் பொறுப்பேற்கிறேன். மனுதாரர் மீது ஒரு தவறும் இல்லை. ஆய்வு அறிக்கை நான்கரை மாதத்துக்கு மேலாக மேலாளர் மேசையில் ஓய்வெடுத்து வருகிறது. அதை எழுப்பாதது என் குற்றம். மேலாளரை யாரும் கவனித்தார்களா என்பதை நான் கவனிக்காததும் என் குற்றமே. இக்குற்றங்களுக்காக என்மீது உடனடியாக விசாரணை நடத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

தையல்காரம்மாவுக்கு ஒன்று, தலைமையகத்துக்கு ஒரு நகல். இரண்டும் பதிவுத் தபால். உறைகளை வழக்கம்போல நாக்கால் நனைத்து ஒட்டினார். இத்தனை வருடத்தில் பசை அவருக்கு இவ்வளவு இனித்ததே இல்லை.

தலைமையகத்தில் அந்தக் கடிதம் அணுகுண்டாக விழுந்தது. நூற்று நாற்பது அலுவலகங்களில் பலகை மாட்டி எட்டு மாதம் ஆகிறது. எங்கிருந்தும் ஒரு வரி பதில் வந்ததில்லை. இதிலோ ஓர் அலுவலர் 'என் குற்றம்' என்று எழுதியிருக்கிறார்! அதை நம்பமுடியாமல் மூன்று பேர் விளக்கொளியில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்களாம். இயக்குநர் அம்மா மேலே உள்ளவர்களுக்குப் போன் செய்து, திட்டம் பிரமாதமாக வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை சந்தை அலுவலகத்துக்குத் தகவல் வந்தது: வியாழன் காலை பதினோரு மணிக்கு இயக்குநர் வருகிறார். அந்தப் பொறுப்பு அலுவலரை அவருடைய இருக்கையிலேயே பார்க்க வேண்டும்.

மேலாளருக்கு நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. செத்தவரை எங்கே போய்க் கூட்டிவருவது? தபால் பிரிவுப் பெண்தான் போகிற போக்கில், "அவர் வீடு தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி இருக்கு சார்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேலாளர் ஒரு பெரிய பழப் பையோடு கதவைத் தட்டினார். மனைவி திறந்தாள்.

"சார் இருக்காருங்களா?"

"எந்த சார்? உங்க ரிஜிஸ்டர்ல செத்த சாரா, இங்க உக்காந்து காப்பி குடிக்கிற சாரா?"

"அம்மா, அது... ஒரு சின்னக் கைப்பிசகு."

"பரவால்லை. உங்க கைப்பிசகுல நான் நாலு வருஷம் விதவையா இருந்திருக்கேன், எனக்கே தெரியல. உள்ள வாங்க."

மேலாளர் உட்கார்ந்து, பழத்தை நீட்டி, படத்தில் பார்த்த மச்சத்தை நேரில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

"சார், ஒரு உதவி. வியாழக்கிழமை மட்டும் நீங்க வெளியில வராம இருக்கணும். நீங்க தவறிட்டீங்கன்னு அம்மாகிட்ட சொல்லிடுறேன்."

"தாராளமா சொல்லுங்க. போன வாரம் பதிவுத் தபால்ல லெட்டர் அனுப்பினது யாருன்னு கேட்டா?"

மேலாளர் யோசித்தார். செத்தவர் தபால் அனுப்புவதில் சிக்கல் இருப்பது அவருக்கே பட்டது.

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. ஒரு மணி நேரம் வந்து சீட்டுல உக்காந்துட்டுப் போயிடுங்க. பேசவே வேணாம்."

"கேக்காம நான் வாயே திறக்க மாட்டேன். ஆனா தையல்காரம்மா ஆர்டர் கையெழுத்தாகணும்."

"அது முடிஞ்ச மாதிரிதான் சார். அம்மா போனதும் போட்டுடுறேன்."

"அம்மா வர்றதுக்கு முன்னாடி. அதுக்குக் கீழ இருக்கிற பத்து மனுவும்."

"பத்தா? சார், விதிமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல..."

"சரி, இருபது."

"ஒரு மனுஷன் ஒரு நாள்ல எத்தனை கையெழுத்து சார் போடுவான்?"

"முப்பது போடலாம். நான் பார்த்திருக்கேன்."

மேலாளர் வாயைத் திறக்கத் திறக்க எண்ணிக்கை ஏறியது. மேசையில் மொத்தம் அறுபத்திரண்டு மனு இருக்கிறது என்று அவரே உளறிய பிறகுதான் அது நின்றது. மனைவி அவருக்கு இரண்டாவது காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னொண்ணு," என்றார் டெஸ்பாட்ச். "கையெழுத்து மட்டும் போதாது. வெளியே போற எண் ஏறணும். அதை அந்தப் பொண்ணுதான் அவ கையால பதியணும். நான் பேனாவைத் தொட மாட்டேன்."

மேலாளரின் முகம் சுருங்கிப்போனது. அவர் மனதில் போட்ட கணக்கே அதுதான். கையெழுத்துப் போட்ட காகிதத்தை இயக்குநர் கார் கிளம்பியதும் கிழித்துவிடலாம். எண் ஏறிய காகிதத்தை ஒன்றும் செய்ய முடியாது. பதிவேட்டின் பக்கங்களுக்கு அச்சகத்திலேயே எண் அடித்திருக்கும், ஒன்றைக் கிழித்தால் ஊருக்கே தெரியும். டெஸ்பாட்ச் தொட்டிருந்தாலோ, ஓய்வுபெற்றவர் எழுதியது செல்லாது என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அந்த இரண்டு ஓட்டைகளையும் முப்பத்துநான்கு வருடம் உறை ஒட்டியவர் உறையைப் போலவே ஒட்டிவிட்டார்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே அலுவலகம் திறந்ததை அந்தத் தெரு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டது. மேலாளர் கையெழுத்துப் போட்டார், போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். நாற்பதாவது மனுவில் அவருக்குத் தன் பெயரே மறந்துபோய் அடையாள அட்டையைப் பார்த்து எழுதினார். தபால் பிரிவுப் பெண் எண்ணைப் போட்டு அடுக்கினாள். பத்து மணி நாற்பது நிமிடத்துக்குத் தையல்காரம்மா பதிவேட்டில் கையெழுத்திட்டுத் தன் ஆணையை வாங்கி, அப்படியே அளவு நாடாவால் நாலு சுற்றுச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். இனி அதை எடுக்க வேண்டுமானால் கத்தரிக்கோல் வேண்டும்.

சரியாகப் பதினோரு மணிக்கு இயக்குநர் அம்மா நுழைந்தார். குட்டையான, வேகமான பெண்மணி. முழுக்கைச் சட்டையோடு நாற்காலியில் வீற்றிருந்த டெஸ்பாட்சைப் பார்த்ததும் கை கூப்பினார்.

"உங்க லெட்டரைப் படிச்சேன். என் சர்வீஸ்ல இப்படி ஒரு லெட்டரைப் பார்த்ததில்ல. எத்தனை வருஷமா வேலை பார்க்குறீங்க?"

மேலாளர் அவருக்குப் பின்னால் நின்று கண்ணால் கெஞ்சினார், கையால் கெஞ்சினார், புருவத்தால்கூடக் கெஞ்சினார்.

டெஸ்பாட்ச் எழுந்து நின்றார். உண்மையைச் சொன்னால் படம் போய்விடும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஜன்னல் வழியாகத் தெரிந்த நீலப் பலகையை ஒரு விநாடி ஆசையோடு பார்த்துக்கொண்டார்.

"முப்பத்துநாலு வருஷம் பார்த்தேம்மா. ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு."

"புரியல."

"செத்து நாலு வருஷம் ஆச்சு. அதுவும் ரிஜிஸ்டர்ல இருக்கு."

இயக்குநர் மேலாளர் பக்கம் திரும்பினார். மேலாளர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பொய் சொல்ல அவரிடம் தெம்பு மிச்சமில்லை. அறுபத்திரண்டு கையெழுத்து அதை உறிஞ்சிவிட்டிருந்தது.

"செத்தவர்னு நினைச்சுத்தான் பொறுப்புல போட்டீங்களா?"

"ஆமாம்மா."

"அப்போ இன்னிக்குக் காலைல போன ஆர்டர்லாம்?"

"அதெல்லாம் மேனேஜர் சாரோட கையெழுத்தும்மா," என்று குறுக்கே வந்தாள் தபால் பிரிவுப் பெண். "எண்ணும் தேதியும் நான் போட்டது. இவர் சும்மா உக்காந்திருந்தார்."

இயக்குநர் பதிவேட்டை வாங்கி வரிவரியாகப் படித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மேலே உள்ளவர்களிடம், திட்டம் வேலை செய்கிறது என்று சொன்னது அவர்தான். ஒரு செத்தவர்தான் அதை வேலை செய்ய வைத்தார் என்று இனி எப்படிச் சொல்வது? கண்ணைத் திறந்து கைப்பையிலிருந்து தன் செல்போனை எடுத்தார்.

"மேனேஜர், இப்படி வெளிச்சத்துக்கு வாங்க."

"எதுக்கும்மா?"

"போர்டுல உயிரோட இருக்கிற ஆள் படம் இருக்கணும். நிமிர்ந்து நில்லுங்க. சிரிங்க."

"என் முகம் அதுக்குச் சரிப்படாதும்மா."

"போட்டோவுல நல்லாத்தான் இருக்கு. வீட்டு போன் நம்பர் சொல்லுங்க, அதையும் பெருசா எழுதச் சொல்றேன். உங்களைக் கவனிச்சது யாருன்னு நீங்க தனியா என் ஆபீஸ்ல வந்து எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை, பத்து மணி."

சாயங்காலத்துக்குள் சட்டத்திலிருந்து டெஸ்பாட்சைக் கழற்றி மேலாளரை மாட்டினார்கள். சிரிக்கச் சொன்னதால் படத்தில் அவர் பல்வலிக்காரர் மாதிரி இருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. செல்போன் உறைக்காரர் இரண்டு மூட்டைச் சரக்கோடும் புதுப் பூட்டோடும் பதினேழாம் எண் கடைக்கு வந்து சேர்ந்தார். உள்ளே மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. டெஸ்பாட்ச் கையை விரித்துக்கொண்டு நின்றார். புதுச் சட்டைக்குத் தையல்காரம்மாவின் பெரிய மகள் அவருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

"கடையைக் காலி பண்ணலையா?" என்றார் உறைக்காரர்.

தையல்காரம்மா மெஷினை நிறுத்தாமல் ஆணையைத் தூக்கிக் காட்டினார். எண், தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. உறைக்காரர் மூன்றுமுறை படித்தார். படிக்கப் படிக்கக் காது சிவந்தது.

"என்னய்யா இது அநியாயமா இருக்கு! என்கிட்ட வேற மாதிரியில்ல சொன்னாங்க? இதுக்கெல்லாம் யாருய்யா பொறுப்பு?"

டெஸ்பாட்ச் விரித்த கையை மடக்காமலே அலுவலகம் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"அந்த நீல போர்டுல படத்தோட போட்டிருக்கு தம்பி. வீட்டு போன் நம்பரும் இருக்கு. எந்த நேரம் வேணாலும் கூப்பிடலாம்."

உறைக்காரர் மூட்டைகளைப் போட்டுவிட்டுச் செல்போனை எடுத்தபடி பலகையை நோக்கி விரைந்தார். கொஞ்ச நேரத்தில், மேலாளர் அலுவலகப் பின்வாசல் வழியாகத் தன் வீட்டுப் பக்கம் ஓடுவது தெரிந்தது.

"அசையாதீங்க சார்," என்றாள் மகள். "கழுத்தளவு தப்பிடும்."